தலைகீழாக நிற்கும் மரம்

விண்டோஸ் கணினியில் பழகிய மாணவர்கள் லினக்ஸ் கணினியின் முன் முதன்முறை உட்கார்ந்ததும் கேட்கும் கேள்வி, "சார், சி டிரைவ் எங்கே?" என்பதுதான். லினக்ஸில் சி டிரைவும் இல்லை, டி டிரைவும் இல்லை. எல்லாக் கோப்புகளும் ஒரே மரத்தில் உள்ளன. அம்மரத்தின் வேர் உச்சியில் இருக்கிறது! ஒற்றைச் சாய்கோடு (/) அதன் அடையாளம். அதிலிருந்து கீழ்நோக்கிப் பிரியும் கிளைகளே கோப்பகங்கள்.

அவற்றுள் 'ஹோம்' என்ற கிளையில் உங்கள் பெயரில் ஒரு கோப்பகம் இருக்கும். அதற்குள் நீங்கள் எதையும் எழுதலாம், அழிக்கலாம். கணினியின் அமைப்பு விவரங்கள் கொண்ட 'எட்ஸி' போன்ற பொதுக் கிளைகளில் கைவைக்க 'ரூட்' என்ற நிர்வாகியின் உரிமை வேண்டும். 'டெம்ப்' தற்காலிகக் கோப்புகளுக்கானது. பல கணினிகளில் மறுமுறை இயக்கும்போது அது காலியாகிவிடும். வீட்டுப் பாடத்தை அங்கே வைத்துவிடாதீர்கள்!

'யூசர்' என்று படிக்கத் தோன்றும் மூன்றெழுத்துக் கிளை (யூ, எஸ், ஆர்) ஒன்றும் உண்டு. ஆனால் அங்கே பயனர் எவருமில்லை, நிரல்களே இருக்கின்றன. ஏன் தெரியுமா? 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை வளர்த்தபோது, பயனர்களின் கோப்புகள் அங்கேதான் இருந்தன. முதல் வட்டில் இடம் போதாமல் நிரல்களும் அங்கே குடியேறின. பிறகு பயனர்கள் வேறிடம் போயினர்; நிரல்கள் தங்கிவிட்டன. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸுக்கு இந்தப் பழைய வீட்டு அமைப்பே வந்து சேர்ந்தது.

சரி, பென் டிரைவைச் செருகினால் என்ன ஆகும்? ஒட்டுமாங்கன்றைப் பார்த்திருப்பீர்களே! அதுபோல, பென் டிரைவில் உள்ள சிறு மரம் பெரிய மரத்தின் ஒரு கிளையில் ஒட்டப்படுகிறது. நீங்கள் எழுதியவை உடனே பென் டிரைவுக்குப் போய்விடுவதில்லை. சிறிது நேரம் கணினியின் நினைவகத்தில் காத்திருக்கலாம். ஒட்டை முறைப்படி பிரிக்கும்போது, மிச்சமுள்ளவை எழுதி முடிக்கப்படுகின்றன. வெடுக்கென்று பிடுங்கினால் கோப்பு பாழாகக்கூடும்.

எனக்கு மிகவும் பிடித்த கிளை 'ப்ராக்'. இதிலுள்ள கோப்புகள் எந்த வட்டிலும் இல்லை. நீங்கள் படிக்கக் கேட்கும் கணத்தில் லினக்ஸின் கருநிரல் அவற்றைத் தயாரித்துத் தருகிறது. 'அப்டைம்' என்ற கோப்பின் அளவைப் பாருங்கள்: 0 பைட். ஆனால் 'கேட்' என்ற கட்டளையால் (பூனைக்கான ஆங்கில எழுத்துகளே!) அதைப் படித்தால் இரண்டு எண்கள் வரும். முதல் எண், கணினி இயங்கத் தொடங்கிப் பல நொடிகள் ஆனதைச் சொல்லும். 5400 என்றிருந்தால் ஒன்றரை மணி நேரம். மீண்டும் படியுங்கள், எண் கூடியிருக்கும். கோப்பின் அளவோ அப்போதும் 0தான்.