பல் மருத்துவம் பயில விருப்பமா?

நீட் தேர்வு முடிவு வெளியானதும் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "எம்.பி.பி.எஸ். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பி.டி.எஸ்.ஸில் சேர்ந்துவிடு" என்பார்கள் பெரியவர்கள். அவ்வாறு சேர்ந்து, பிறகு அந்தப் படிப்பிலேயே மனம் ஒன்றிச் சிறந்த மருத்துவரானவர்கள் உண்டு. முதலாண்டு முழுவதும் பழைய நீட் புத்தகங்களையே புரட்டிக்கொண்டு, இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் தவித்தவர்களும் உண்டு. மாணவ நண்பர்களே, அந்த அவசர நாளில் முடிவு செய்வதைவிட, இது எத்தகைய படிப்பு என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

முதலில் பல்லைப் பார்ப்போம். நம் உடலில் மிகக் கடினமான பொருள் எது? எலும்பு அன்று, பல்லின்மேல் போர்த்தியிருக்கும் எனாமல்தான். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப் பொருளே. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சி அபடைட் என்னும் படிகங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இந்தக் கோட்டையைக் கட்டிய உயிரணுக்கள், பல் வாய்க்குள் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. கை முறிந்தால் எலும்பு கூடுகிறது. தோல் கிழிந்தால் புதுத்தோல் வளர்கிறது. எனாமலில் குழி விழுந்தால் விழுந்ததுதான்!

வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. தொடக்க நிலையில் இருந்தால் உமிழ்நீரும் புளோரைடும் இழந்த தாதுவை ஓரளவு மீட்டுத் தரும். குழியாகிவிட்டால் மருத்துவர் சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைக்க வேண்டும். அவர் தவறுதலாக நல்ல பகுதியை வெட்டிவிட்டாலும் அது திரும்ப வளராது. மருந்துச் சீட்டு எழுதியே தீர்க்கும் நோய்கள் இத்துறையில் குறைவு. பெரும்பாலானவை கைவேலையால் தீர வேண்டியவை. எனவே "எனக்கு உயிரியலில் எத்தனை மதிப்பெண்?" என்று கேட்டுக்கொள்வதோடு, "கையால் நுணுக்கமான வேலை செய்வது எனக்குப் பிடிக்குமா?" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மேசைமேல் ஒரு தாளை வைத்து, அதில் நட்சத்திரம் ஒன்று வரையுங்கள். எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்துங்கள். கையும் தாளும் நேரே தெரியாதபடி ஒரு புத்தகத்தால் மறைத்துவிட்டு, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து அந்த நட்சத்திரத்தின்மேல் பென்சிலை ஓட்டுங்கள். முனை வந்ததும் கை எதிர்த்திசையில் ஓடும், எரிச்சல்கூட வரும். மேல் தாடையின் கடைவாய்ப் பற்களில் வேலை செய்யும் மருத்துவர் நாள்தோறும் இப்படித்தான், ஒரு சிறு கண்ணாடியில் பார்த்து வேலை செய்கிறார். ஒரு வாரம் தொடர்ந்து செய்து பாருங்கள். ஏழாம் நாள் கோடு முதல் நாள் கோட்டைவிட நேராக இருக்கும். கைத்திறன் பிறவியிலேயே வர வேண்டும் என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை, பழகினால் வரும். பழகுவதற்கு வேண்டிய பொறுமை இருக்கிறதா என்பதே கேள்வி.

பி.டி.எஸ். படிப்பு, 4 ஆண்டுக் கல்வியும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியும் சேர்ந்து 5 ஆண்டுகள். முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றோடு மெழுகில் பல் செதுக்கும் பயிற்சியும் உண்டு. மேல் முன்பல்லின் வெளியே தெரியும் பகுதி சராசரியாக 10.5 மில்லிமீட்டர் நீளம், 8.5 மில்லிமீட்டர் அகலம். இந்த அளவோடு, வளைவும் பள்ளமும் பிசகாமல் மெழுகுக் கட்டியில் வடிக்க வேண்டும். பள்ளியில் முதல் மாணவராக இருந்தவருக்கும் முதல் பல் உருளைக்கிழங்கு மாதிரிதான் வரும்! மனம் உடையாமல் மறுநாள் இன்னொரு கட்டியை எடுப்பவரே தேறுகிறார். தேர்வுக்கு முந்தின வாரம் கண்விழித்துப் பாடத்தை உருப்போட்டுவிடலாம். கைப்பழக்கத்தை உருப்போட முடியாது.

இரண்டாம் ஆண்டில் பொம்மைத் தலையில் பொருத்திய பற்களில் வேலை. பல்லைக் குடையும் ஏர்ரோட்டர் கருவி நிமிடத்துக்கு 3 லட்சம் முறைக்கு மேல் சுழலக்கூடியது. உராய்வு வெப்பம் பல்லின் உள்ளேயுள்ள உயிருள்ள கூழைக் கெடுத்துவிடாதிருக்க, அதிலிருந்து நீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். இங்கே உங்கள் இயற்பியலும் வேதியியலும் உதவிக்கு வரும். அச்சு எடுத்தபின் மாதிரி வார்க்கும் பிளாஸ்டர், சுட்ட ஜிப்சம்தான். நீர் சேர்ந்ததும் சூடாகி ஏன் இறுகுகிறது என்பதைப் பிளஸ் டூவிலேயே புரிந்துகொண்டவருக்குப் 'பல் மருத்துவப் பொருள்கள்' என்னும் பாடம் பூச்சாண்டி காட்டாது.

மூன்றாம் ஆண்டிலிருந்து உயிருள்ள மனிதர் நாற்காலியில் அமர்கிறார். பொம்மை பயப்படாது, மனிதர் பயப்படுவார். ஊசியைக் கையில் எடுக்கும் முன் நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசத் தெரிய வேண்டும். பல்லை மட்டும் பார்த்து அனுப்பிவிடவும் கூடாது. புகையிலை மெல்லுபவரின் கன்னத்தின் உட்புறத்தில் காணும் வெள்ளைத் திட்டு, பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடும். பல்வலிக்காக வந்தவரிடம் அதை முதன்முதலில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு உங்களுக்கே கிடைக்கலாம். தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த ஊர்களில் பல பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருப்பதைக் காணலாம். அந்தக் கறைக்கு மருந்து பற்பசையில் இல்லை, குடிநீரில் இருக்கிறது. சமூகப் பல் மருத்துவம் என்று தனிப் பாடமே இருப்பது இதற்காகத்தான்.

இனி, சேரும் வழி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கித் தமிழ்நாடு அரசு 2020இல் சட்டம் இயற்றியது. இப்பிரிவினர் படிப்புச் சான்றுகளைக் கலந்தாய்வுக்கு முன்பே தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. சிதம்பரத்திலும், 2023 முதல் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. மற்றவை பெரும்பாலும் தனியார் கல்லூரிகள், கட்டணம் அதிகம். கருவிகளுக்கும் தனியே பணம் வேண்டும் என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டம் பெற்றதும் அரசு வேலை காத்திருக்கும் என்று எண்ணாதீர்கள். சில ஆண்டுகள் ஒரு மூத்த மருத்துவரிடம் பணியாற்றிவிட்டுச் சொந்தமாக மருத்துவமனை வைப்பவர்களே மிகுதி. நாற்காலி, கம்ப்ரஸர், எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் முதல் வேண்டும். மேலே படிக்க விரும்பினால் 3 ஆண்டு எம்.டி.எஸ். படிப்பில் 9 பிரிவுகள் இருக்கின்றன.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். காலை நேரத்தில் வெளிநோயாளர் பிரிவில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். நாற்காலிகளில் ஆள் இருக்கிறார்களா, வரிசையில் காத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். நோயாளி வராத கல்லூரியில் கை எப்படிப் பழகும்? இறுதியாண்டு மாணவர் யாரேனும் எதிர்ப்பட்டால், "அண்ணா, நீங்களே தனியாக எத்தனை பல் எடுத்திருக்கிறீர்கள்? எத்தனை அடைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் யோசிக்காமல் ஓர் எண்ணைச் சொன்னால், விண்ணப்பத்தில் அந்தக் கல்லூரியின் பெயரை மேலே எழுதலாம்.