மார்ஃபினுக்கு எதற்குப் பயப்பட வேண்டும்?

பெரியம்மாவுக்குப் புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தது. சேலத்தில் மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார், நாலு மணி நேரத்துக்கு ஒன்று. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா அந்த அட்டையை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"இது அபின் கண்ணு. பழகிட்டா விடாது."

பெரியம்மா வலி தாங்காமல் கத்தினால் மட்டும் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். மூன்று வாரம் அப்படியே போனது. அந்த மூன்று வாரம்தான் என்னை இதைப் பற்றிப் படிக்க வைத்தது.

பெரியப்பா சொன்னதில் பாதி சரி. குருமாவில் அரைத்துப் போடுகிறோமே கசகசா, அந்தச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து எடுப்பதுதான் மார்ஃபின். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு இதைப் பயிரிடுகிறார்கள். ஆனால் 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபிறகு, உரிமம் மேல் உரிமம், தவறினால் சிறை என்ற பயத்தில் பல மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தித்தான் அந்தச் சிக்கலைக் குறைத்தார்கள். சட்டம் மாறிவிட்டது, வீட்டுப் பயம் மாறவில்லை.

சரியில்லாத மீதிப் பாதி எது? 'பழகுவது' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் இரண்டு விஷயம் இருக்கு. சில வாரம் சாப்பிட்டால் உடம்பு மருந்துக்குப் பழகும். திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, பதற்றம் வரும். அதனால் மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். போதைக்கு அடிமையாவது வேறு: வலிக்காக இல்லாமல் மருந்துக்காகவே மனம் அலைவது, கெடுதல் தெரிந்தும் விடமுடியாமல் இருப்பது. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடுகிறவர்களிடம் இது குறைவு.

வீட்டுக்கு வந்த செவிலியர் பெரியப்பாவிடம் சொன்னார்: "வலி வந்த பிறகு கொடுத்தா மருந்து வலியைத் துரத்திக்கிட்டே ஓடும்யா. மணி பார்த்துக் கொடுங்க, வலி வராமயே இருக்கும்." உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையேதான் சொல்கிறது: முடிந்தவரை வாய்வழியாக, மணிப்படி.

அப்படியானால் பயமே வேண்டாமா? வேண்டும், சரியான இடத்தில்.

மலச்சிக்கல்: நாளாக நாளாகச் சரியாகாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் வேண்டும்.

மூச்சு: ஆரம்பத்தில் தூக்கக் கலக்கம் சகஜம். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவானால் அடுத்த மாத்திரை கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மது, தூக்க மாத்திரை சேர்ந்தால் ஆபத்து கூடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள்.

ஒட்டும் பட்டை: மாத்திரைக்குப் பதில் சிலருக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டானில் பட்டை கொடுப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மார்கழிக் குளிரில் கணப்புச் சட்டி பக்கத்தில் உட்காருவோம், வெந்நீர்ப் பை வைப்போம். பட்டைமேல் சூடு பட்டால் மருந்து வேகமாக உடம்புக்குள் இறங்கி மூச்சையே அடக்கிவிடலாம். காய்ச்சலிலும் அப்படித்தான். கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

டிரமடால்: மூட்டுவலிக்குச் சாதாரண மாத்திரை மாதிரி பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அதே வகைதான். வலிப்பு கூட வரலாம். 2018இல் இதையும் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். நாள்பட்ட முதுகுவலிக்கெல்லாம் இந்த வகை மருந்துகளைத் தாராளமாக எழுதித் தள்ளியதன் விளைவை அமெரிக்கா இன்றும் அனுபவிக்கிறது.

நடக்க முடியாத நோயாளிக்கு மலை இறங்கி ஏறுவது பெரும் பாடு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவுச் சேவையும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மணிப்படி கொடுக்க ஆரம்பித்த பிறகு பெரியம்மா வாசலில் வந்து உட்கார்ந்தார். காப்பி கேட்டார். மாத்திரையைப் பூட்டி வைத்ததில் பெரியப்பா மேல் தப்பில்லை. இந்த மருந்து பூட்டில்தான் இருக்க வேண்டும். கடைசி வரை சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு அலாரக் கடிகாரமும் வந்தது, அவ்வளவுதான்.