அவையும் பேச்சும்: மேடைப்பேச்சின் வலிமை பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

மேடைப்பேச்சிலே வல்லமை பெறுவது எவ்வாறு என்னும் வினாவிற்கு வழக்கமாகத் தரப்படும் விடைகள் யாவும் பேச்சாளரையே மையமாகக் கொண்டவை. குரல்வளம், நினைவாற்றல், சொல்லடுக்கு, மெய்ப்பாடு ஆகியவற்றைப் பயின்றால் அவை வசப்படும் என்பர். இவை பயனற்றவை என்பது நமது கருத்தன்று. ஆயினும், ஒரு பேச்சு யாரை நோக்கி, எத்தேவையையொட்டி நிகழ்கின்றது என்பதை விடுத்து அதன் வலிமையை விளக்க முற்படுவது, விதையை ஆராய்ந்து நிலத்தை மறப்பதற்கு ஒப்பாகும்.

சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களில் திருக்குறள் இப்பொருளை ஆராய்கின்றது. கேட்போர் திறனறிந்து பேசுதல் வேண்டும் என்னும் அதன் அறிவுரை இன்றும் பொருந்துவதே. எனினும் இவ்வதிகாரங்கள் அமைச்சியலைச் சார்ந்தவை. அங்கே கருதப்படும் அவை கற்றோர் அவை. நல்லவையிற் பேச வல்லோர் புல்லவையில் மறந்தும் பேசலாகாது என வள்ளுவர் விதிக்கின்றார். கல்வி சிலரது உடைமையாயிருந்த சமுதாயத்தில், பெரும்பான்மை மக்கள் பேச்சுக்குரியோராகக் கருதப்படாமை வியப்பன்று.

நவீன தமிழ் மேடைப்பேச்சின் தொடக்கங்களுள் ஒன்றாக, 1847 டிசெம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் ஆறுமுக நாவலர் ஆரம்பித்த பிரசங்கத்தைக் கொள்ளலாம். அதுவரை வழங்கிவந்த புராணபடனத்தில் ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். நூலே அங்குத் தலைமை வகித்தது. பிரசங்கத்திலோ பேசுபவர் தாமே பொருளைத் தெரிந்தெடுத்து, உரைநடையில், கேட்போரை நேரே விளித்து, அவர்தம் ஒழுக்கத்தை மாற்றிக்கொள்ளுமாறு வேண்டினார். பேர்சிவல் பாதிரியாருடன் பைபிள் மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட நாவலர், மிஷனரிமாரின் பிரசங்க முறையை அணுகி அறிந்தவர்; அவர்களது கருவியையே அவர்களுக்கெதிராகக் கையாண்டார். ஆனால், ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு யாழ்ப்பாணத்துக் கோவில்களினுள் நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்த காலம் அது. பேச்சுமுறை புதிதாயினும் அவையின் எல்லை பழையதாகவே இருந்தது.

அவ்வெல்லை தகர்ந்தமைக்குச் சிறந்த சான்று 1908 இன் தூத்துக்குடியாகும். வ. உ. சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் நிகழ்த்திய பொதுக்கூட்டங்களில் ஆலைத்தொழிலாளர் திரண்டனர். அந்நிய ஆட்சி என்னும் அரசியற் கருத்து, அங்கே கூலியோடும் ஓய்வுநாளோடும் இணைத்துப் பேசப்பட்டது. பெப்ரவரி 27 ஆம் நாள் கோரல் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. மார்ச் முற்பகுதியில் நிர்வாகம் இணங்கியது. மக்களுக்கு விளங்கிய அப்பேச்சின் வலிமை அரசுக்கும் விளங்கிற்று. அவ்வாண்டு யூலையில் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் சிதம்பரம்பிள்ளைக்கு இரட்டை ஆயுள்தண்டனையும் விதிக்கப்பட்டன. மேன்முறையீட்டில் இவை குறைக்கப்பட்டனவெனினும், மேடைப்பேச்சினை ஆளும் வர்க்கம் எவ்வளவு அஞ்சிற்று என்பதற்கு இத்தீர்ப்பே போதிய சான்று.

இலங்கையின் மலையகம் இதே உண்மையைப் பிறிதொரு வகையில் உணர்த்துகின்றது. 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசையருடன் இணைந்து பணியாற்றிய மீனாட்சி அம்மாள், தொழிலாளரின் துயரங்களைக் கூட்டங்களிற் பாடினார். எழுத்தறிவு பரவலாக எட்டாத தோட்டங்களில், பாட்டே பேச்சுக்கு வழிதிறந்தது. கேட்போரின் பண்பாட்டிலிருந்தே அவர்களை அணுகும் ஊடகத்தைத் தெரிந்தெடுத்தமை அவரது பேறாகும்.

1940 களிலிருந்து தமிழகத்தில் திராவிட இயக்கத்தார் வளர்த்த அடுக்குமொழி நடையையும் இவ்வடிப்படையிலேயே மதிப்பிடல் வேண்டும். புலவர்க்குரியதாயிருந்த செந்தமிழைச் சாமானியரின் செவிக்குரியதாக்கிப் பெருமிதம் ஊட்டியமை அதன் முற்போக்கான கூறு. சொல்லலங்காரமே நோக்கமாகியபோது, கேட்போர் சிந்திப்போராகவன்றிச் சுவைஞராகவே மாறினர். அந்நடையை நையாண்டி செய்யும் முற்போக்காளர் சிலரும் வேறொரு வகையில் அதே தவற்றையே செய்கின்றனர். 'உற்பத்தி உறவுகள்', 'மேற்கட்டுமானம்' போன்ற தொடர்களை விளக்கமின்றி அடுக்குவதும் ஒருவகை அடுக்குமொழியே. பொருள் விளங்காத மரியாதையுடன் கேட்டுவிட்டு மக்கள் கலைந்து செல்வர்.

இவற்றிலிருந்து பேச விழைவோர்க்குச் சில நடைமுறைகள் பெறப்படும். அவையினரின் தொழில், வருவாய், அன்றாட இடர்கள் ஆகியவற்றை முன்னரே அறிந்துகொள்ளல் வேண்டும். அவர்கள் அனுபவித்தறிந்த ஒன்றிலிருந்து தொடங்கி, அதன் காரணத்தை நோக்கிப் படிப்படியாகச் செல்லுதல் நன்று. ஒரு பேச்சுக்கு ஒரு கருத்தே போதும். அதனைச் சிறு வாக்கியங்களில், இடைநிறுத்திச் சொல்லுதல் வேண்டும். கலைச்சொல் தவிர்க்கவியலாததாயின், முதலிற் பொருளையும் பின்னர்ச் சொல்லையும் தருக. முடிவில் வினாவுக்கு நேரம் ஒதுக்குதல் கட்டாயமானது. வினாத் தொடுக்கும் கணத்திலேதான் கேட்போர் தாமும் பேசுவோராகின்றனர்.

அவையச்சம் கூட ஓரளவு இவ்வழியிலேயே குறையும். தம்மைக் காட்டிக்கொள்ள மேடையேறுபவர்க்கு அவை தீர்ப்பு வழங்கும் மன்றமாகத் தோன்றும். பொதுவான இடரொன்றை ஆராய வருபவர்க்கோ அது உடனுழைப்போரின் கூட்டம். மண்டபத்திற் கேட்ட கைதட்டல் அன்றிரவே ஓய்ந்துவிடும். மறுநாள் வேலைத்தலத்தில் அப்பேச்சைப் பற்றி எழும் விவாதமே அதன் வலிமைக்கு உரிய அளவுகோல் என்பது நமது துணிபு.