காகமும் பனம்பழமும்: மருந்தின் பயனை அளந்தறியும் முறை

காகம் வந்து இருந்தது, பனம்பழம் வீழ்ந்தது. காகம் இருந்தமையாலேயே பழம் வீழ்ந்ததெனக் கொள்வது பிழையென்பதைத் தருக்க நூலார் காகதாலீய நியாயம் என்னும் பெயரால் உணர்த்துவர். பனைகள் நிறைந்த தெல்லிப்பழையில் இதனை விளக்க வேறு உதாரணம் வேண்டா. ஆயினும், நோய் என்றும் மருந்து என்றும் வந்துவிட்டாற் கற்றோரும் இதனை மறந்துவிடுகின்றனர். ஒரு கிழமையில் தானே தணியும் தடிமனுக்கு ஐந்தாம் நாட் குடிநீர் அருந்தியவர், அக்குடிநீரே தம்மைக் காத்ததென்பர். ஆங்கில மருந்து உட்கொண்டவரும் அவ்வாறே தம் மருந்தைப் புகழ்வர். இருவர் கூற்றும் ஒரே தரத்தனவாம்.

மருந்தின் பயனை அறிய விரும்பின், அதனைப் பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிடுதல் வேண்டும். இடர்ப்பாடு தோன்றுவதும் இங்கேதான். தேறக்கூடியவர் என்று தமக்குத் தோன்றுவோருக்கே வைத்தியர் புது மருந்தைக் கொடுத்தல் கூடும். பொருளுடையோர் மருந்தோடு நல்லுணவும் ஓய்வும் பெறுவர். அவர் குணமடையின், அஃது எதன் பயன் என்று எவ்வாறு துணிவது? இதற்குக் கண்ட வழி மிக எளியது. யார்க்கு எச்சிகிச்சை என்பதை வைத்தியரும் நோயாளரும் தீர்மானியாது, திருவுளச்சீட்டுப் போன்றதொரு முறைக்கு விட்டுவிடுதலே அது. எழுமாற்று முறை என்று இதனைக் கூறுவர். வயது, வறுமை, நோயின் கடுமை என்பனவேயன்றி, நாம் அறியாத வேறுபாடுகளும் இம்முறையால் இரு குழுவினரிடத்தும் ஏறத்தாழ ஒத்தமைந்துவிடுகின்றன.

1948 ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானியப் பரிசோதனை இவ்வகையிற் புகழ்பெற்றது. ஸ்ரெப்ரோமைசின் அக்காலத்தில் அரிதாயிருந்தது; கேட்பவர் எல்லோர்க்கும் கொடுக்க அந்நாட்டில் மருந்து இல்லை. ஆதலின் சீட்டு முறை நீதிக்கும் பொருந்துவதாயிற்று. காசநோயாளர் 107 பேருள் மருந்து பெற்றோர் 55. படுக்கை ஓய்வு மாத்திரம் பெற்றோர் 52. ஆறு மாதத்தில் முன்னவருள் 4 பேரும் பின்னவருள் 14 பேரும் இறந்தனர்.

நமக்கு அணித்தான பரிசோதனை சென்னையில் நிகழ்ந்ததாகும். தூய காற்று, நல்லுணவு, நெடிய ஓய்வு ஆகிய மூன்றுமே காசநோய்க்கு மருந்தென்று உலகம் நெடுங்காலம் நம்பியது. தெல்லிப்பழைக்கு வடக்கே மயிலிட்டிக் கடற்கரையை அடுத்து முன்னாளிற் காசநோய் வைத்தியசாலை ஒன்று இருந்ததை முதியோர் அறிவர். ஆனால் கூலிக்கு உழைக்கும் ஒருவன் ஓராண்டு படுக்கையிற் கிடப்பின், அவன் குடும்பம் உண்பது எங்ஙனம்? இந்தியாவிலே நோயாளர் இலட்சக்கணக்கினர். படுக்கைகளோ அவருள் மிகச் சிலருக்கே போதுமானவை. வீட்டிலிருந்தவாறே மருந்துண்டு குணமடைதல் இயலுமா என்பது உயிர்ப் பிரச்சினையாயிற்று.

1956 ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சபை, சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகிய நான்கும் கூடிச் சென்னையில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவின. வைத்தியர் வொலஸ் பொக்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். நகரத்து வறிய நோயாளர் ஏறத்தாழ இருநூற்றுவர் எழுமாற்றாக இரு கூறாக்கப்பட்டனர். இரு சாராரும் பெற்றவை ஐசோனயசிட், பி. ஏ. எஸ். என்னும் அதே மருந்துகளே. ஒரு சாரார் சானற்றோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மறு சாரார் நெருக்கமான தம் குடில்களில் அரைவயிற்று உணவோடு வாழ்ந்தனர். ஓராண்டின் பின் நோய்க்கிருமி அடங்கப்பெற்றோர் சானற்றோரியத்தில் நூற்றுக்கு 92 வீதம். வீட்டில் 86 வீதம். இத்தொகையினரிடையே இச்சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடும். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவில்லை என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. காத்தது மருந்தே, காற்றும் கட்டிலும் அல்ல.

சீட்டின்றி, இயல்பாக வீட்டில் இருந்தோரையும் சானற்றோரியம் சென்றோரையும் ஒப்பிட்டிருப்பின் விடை மாறியிருத்தல் கூடும். இடம் கிடையாது வீட்டிற் கிடந்தோர் பெரும்பாலும் வறியோரும் நோய் முற்றியோரும் ஆவர். அவர்தம் இறப்பை வீட்டின்மேல் ஏற்றியிருப்பர்.

அடுத்த பரிசோதனை நம்பிக்கையொன்றைத் தகர்த்தது. 1968 முதல் அதே தமிழ்நாட்டுச் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 2,60,000 பேருக்கு எழுமாற்று முறையில் பி. சி. ஜி. ஊசியோ மருந்தில்லா ஊசியோ இடப்பட்டது. வளர்ந்தோரின் நுரையீரற் காசத்தை அத்தடுப்பு மருந்து அங்குத் தடுக்கவில்லை என்பது 1979 இல் வெளியாயிற்று. 15 ஆண்டுக் கணக்கும் அதனையே உறுதிப்படுத்தியது.

அங்ஙனமாயின் அதனைக் கைவிட வேண்டாவோ என்பார்க்கு விடை எழுமாற்று முறையினின்றும் வரவில்லை. குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் காசநோய் அரிது, ஆயினும் கொடிது. அதனைச் சீட்டு முறையால் ஆராயப் பெருந்தொகையான பிள்ளைகள் வேண்டும். அவருட் பாதிப்பேருக்கு ஊசியை மறுத்தலும் வேண்டும். ஆகவே அந்நோய் கண்ட பிள்ளைகளையும், வயதும் வாழிடமும் ஒத்த நோயற்ற பிள்ளைகளையும் எடுத்து, புயத்தில் ஊசித்தழும்பு எத்தனை பேருக்கு உண்டென்று பல நாடுகளில் ஒப்பிட்டனர். நோயுற்றாரிடையே தழும்புடையோர் தெளிவாகக் குறைந்திருந்தனர். ஊசி பெற்ற பிள்ளைகள் நல்ல வசதியுடைய வீட்டினராய் இருத்தல் கூடும் என்னும் ஐயம் இங்கு முற்றாக நீங்குவதன்று. ஆயினும் வேறுபட்ட நாடுகளிலும் விடை ஒன்றாயிருந்தமை அதனை வலியிழக்கச் செய்தது. இலங்கையிற் பிள்ளை பிறந்தவுடன் இவ்வூசி இடப்படுவது இக்காரணம் பற்றியே. அப்பிள்ளை வளர்ந்தபின் இருமல் நீடிப்பின் தழும்பை நோக்காது சளியைச் சோதிப்பது செங்கற்பட்டு முடிபு பற்றியாகும்.