பேசினாலே சரியாயிடுமா?

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் கடலூர் சாலையை ஒட்டியே இரண்டு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒன்று பிள்ளையார்குப்பத்தில், மற்றது கிருமாம்பாக்கத்தில். வில்லியனூரில் பஸ் ஏறினால் ஜிப்மர் மருத்துவமனையும் எட்டாத தூரமல்ல. ஆனாலும் நடவுக்குப் போகும் பெண்ணுக்கோ, கடனில் தவிக்கும் விவசாயிக்கோ மாதக்கணக்கில் தூக்கமில்லை என்றால், முதலில் மந்திரிப்பு, அப்புறம் சத்து ஊசி, கடைசியில்தான் மனநலப் பிரிவு. அங்கே போனவரிடம் "வாரம் ஒருமுறை வந்து பேசுங்க" என்று சொன்னால், "மாத்திரை கிடையாதா? பேசினாலே சரியாயிடுமா?" என்று கேட்பார்.

நியாயமான கேள்விதான். சிலருக்குப் பேச்சே போதும்; சிலருக்கு மாத்திரையும் சேர்ந்து வேண்டும். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு என்றால் மாத்திரைதான் முதல், பேச்சு அதற்குப் பக்கபலம்.

மனச்சோர்வை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய முறை இன்று சி.பி.டி. என்ற பெயரில் உலகெங்கும் இருக்கிறது. ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்று மனதில் தானாக ஓடும் எண்ணத்தைப் பிடித்து, அதற்கு என்ன ஆதாரம் என்று எழுதிப் பார்க்கச் சொல்வது அதில் ஒரு பகுதி. கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவரிடம் தாளை நீட்டினால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார். அவருக்குச் செயலில் தொடங்கும் முறை பொருந்தும். முன்பெல்லாம் பொழுது எப்படிப் போகும் என்று கேட்டால், வாசல் கோலம், பக்கத்து வீட்டுத் திண்ணை, மகளிர் குழுக் கூட்டம் என்று ஒவ்வொன்றாக வரும். எல்லாம் நின்றுபோயிருக்கும். அதில் ஆகச் சிறியதை இந்த வாரம் தொடங்கச் சொல்வார்கள். மனசு வந்தால் செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம், செய்யச் செய்யத்தான் மனசு வரும் என்பது கணக்கு. செய்த நாளில் காலண்டரில் ஒரு புள்ளி வைத்தால் போதும்.

கிராமத்தில் இது எடுபடுமா? கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்கத் என்ற அமைப்பினரும் சோதித்துப் பார்த்தார்கள். மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு முறை பேச வைத்தார்கள். மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். 2017இல் லான்செட் இதழில் வந்த முடிவு இது.

கை கழுவிக் கழுவித் தோல் உரிந்தவருக்கு இந்த வழி ஆகாது. அழுக்கென்று அவர் பயப்படுவதைத் தொடச் சொல்லி, கழுவாமல் உட்கார வைத்து, பதற்றம் தானே இறங்கும்வரை கூட இருக்க வேண்டும்.

குடி விஷயத்தில் பேச்சின் போக்கே வேறு. சாராயக்கடையும் கள்ளுக்கடையும் லைசென்ஸோடு நடக்கிற ஊரில், குடிக்காதே என்று சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. தேர்ந்த ஆலோசகர் அதைச் சொல்லவே மாட்டார். "குடியை விடணும்ங்கிற எண்ணத்துக்குப் பத்துக்கு எவ்ளோ மார்க் போடுவீங்கண்ணே?" என்பார். "நாலு போடலாம்" என்று வந்தால், "ஒண்ணு போடாம நாலு ஏன் போட்டீங்க?" என்று அடுத்த கேள்வி. பேசாமல் இருக்கும் மகள், அடகில் கிடக்கும் வண்டி என்று காரணங்களை அவரே சொல்ல ஆரம்பிப்பார். அடுத்தவர் சொல்லிக் கேட்காத மனுஷன், தன் வாயால் சொன்னதைத் தட்டமாட்டார். கோவாவில் அதே அமைப்பினர் சோதித்தபோது, இந்த வகைப் பேச்சுக்குப் பிறகு, முந்தைய 14 நாளும் குடிக்காமலே இருந்தவர்கள் 42 சதவீதம்; பேச்சு கிடைக்காதவர்களில் 18. ஆனால் தொடர்ந்து குடித்தவர்களின் அளவு குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விடிந்ததும் கை நடுங்குகிறவர் குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவருக்கு முதலில் மருத்துவமனைக் கட்டில், பிறகுதான் பேச்சு.

அறைக்குள் யார் யார் இருக்கலாம் என்பதும் சிகிச்சையைச் சேர்ந்ததுதான். வேலூர் சி.எம்.சி. 1957இல் தொடங்கிய மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தினரும் தங்குகிறார்கள். மனச்சிதைவு உள்ளவரின் வீட்டாருக்கு நோயைப் புரியவைத்தால் மாத்திரை தவறுவது குறையும். அதே வீட்டார், மாமியார் கொடுமை பற்றிப் பேச வந்த மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வெளியே வராது.

பிள்ளையார்குப்பம் கல்லூரியில் இசைச் சிகிச்சையும் யோகா சிகிச்சையும் உண்டு. பதற்றம் குறைய இவை கைகொடுக்கும்; தீவிர மனச்சோர்வுக்கு இவற்றை மட்டும் நம்புவது சரியல்ல.

தேர்ந்தெடுத்த முறை வேலை செய்கிறதா? மனச்சோர்வை அளக்க, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்டு மதிப்பெண் போடும் படிவம் ஒன்று இருக்கிறது. நாலைந்து அமர்வுக்குப் பிறகும் மதிப்பெண் இறங்கவில்லை என்றால் நோயாளி மீது பழி போடாமல் முறையை மாற்ற வேண்டும். இந்த ஒழுங்கு நம் பக்கத்தில் இன்னும் பரவலாக வேண்டும். தேவை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: 2015இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, புதுச்சேரியில் லட்சம் பேருக்கு 43.2 தற்கொலைகள், நாட்டின் சராசரி 10.6.

சிகிச்சைக்குப் போவது ஊருக்குத் தெரிந்தால் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம் பொய்யல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரம் வெளியே போகக் கூடாது என்கிறது. பஸ் ஏறவே தயக்கம் என்றால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416இல் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். நேரில் போகிறவர்கள் எத்தனை முறை வர வேண்டும், நடவுக் காலத்தில் நேரத்தை மாற்றித் தருவீர்களா, பலன் தெரியாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று முதல் நாளே கேட்டுவிடலாம்.