பூட்டிய அறைக்குள் ஓர் இருமல்

1988-ஆம் ஆண்டு, ஆடி மாதம். சாத்தூர் பக்கம் கரிசல் காட்டுக்குள் இருந்த ஒரு பட்டாசு ஆலையில் ஆய்வை முடித்துவிட்டு ஜீப்பில் ஏறப்போனேன். காகிதக் குழாய் அடுக்கி வைக்கும் அறையிலிருந்து ஓர் இருமல் கேட்டது. சின்னப்பிள்ளையின் இருமல். கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது.

"உள்ள யாரு?" என்று கேட்டேன்.

"யாருமில்ல சார். எலி கிடந்து உருட்டும்" என்றார் மேலாளர். சாவியைக் கேட்டேன். "மொதலாளி மதுரைக்குப் போயிருக்காரு. சாவி அவருகிட்ட இருக்கு."

எனக்கு அப்போது 28 வயது. தொழிற்சாலை ஆய்வாளராகச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பொழுது சாய்ந்துவிட்டது. டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். நானும் ஏறிவிட்டேன். அன்றிரவு அறிக்கையில் 'குழந்தைத் தொழிலாளர் எவரும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பத்து நாள் கழித்து, சிவகாசி பேருந்து நிலையத்தில் ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டு கிட்டே வந்தார். "அன்னைக்கு அந்த ரூமுக்குள்ள எட்டுப் பிள்ளைக சார். எம்மகளும் இருந்தா. நீங்க கிளம்பினப்புறந்தான் திறந்துவிட்டாக." கோபமாகச் சொல்லவில்லை. ஊர் நடப்பைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

பிள்ளைகளை வேலைக்கு வைத்தது ஆலையின் குற்றம். ஆனால் தாளும் அட்டையும் கூரைவரை அடுக்கிய அறைக்குள், பூட்டிய கதவுக்குப் பின்னால் அந்த எட்டுப் பேரையும் கொண்டுபோய் நிறுத்தியது என் வருகை. ஒரு பொறி விழுந்திருந்தால்? தீயிலிருந்து காப்பாற்றுவதற்காகச் சம்பளம் வாங்கும் ஆள் வந்த அந்த இரண்டு மணி நேரம்தான், அவர்களுக்கு அந்த வருடத்திலேயே ஆபத்தான நேரமாக இருந்திருக்கும். முப்பத்தோரு வருடம் இந்த வேலை பார்த்தேன். அந்த இருமல் ஒரு நாளும் என்னை விட்டுப் போகவில்லை.

எங்களுக்குக் காக்கிச் சட்டை கிடையாது. தலைக்கவசம், தண்ணீர் வண்டி, மணி எதுவும் கிடையாது. தீயணைப்புத் துறையினர் நெருப்புப் பிடித்தபின் உயிரைக் கொடுத்து உள்ளே நுழைகிறவர்கள். நாங்கள் நெருப்பு வருமுன் போய் நிற்கவேண்டியவர்கள். பட்டாசு ஆலையைப் பொறுத்தவரை அப்படிப் போகிற துறைகள் பல. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி உரிமம் கொடுத்துக் கண்காணிப்பது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை. இன்று ஊரில் 'பெசோ' என்கிறார்கள். நான் பணியில் இருந்தவரை, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி உள்ளே நுழைந்து பார்த்தது எங்கள் துறை. வருவாய்த் துறையில் பட்டாசுக்கென்றே தனி வட்டாட்சியர் உண்டு. சிவகாசியில் ஒருவர் ஆலை வைத்திருக்கிறார் என்றால், அடுத்த கேள்வி "நாக்பூர் லைசென்ஸா, சென்னை லைசென்ஸா, டி.ஆர்.ஓ. லைசென்ஸா?" என்பதுதான். 15 கிலோ வரை வெடிமருந்து வைத்துக்கொள்ளும் சின்ன ஆலைக்கு மாவட்ட வருவாய் அலுவலரே (டி.ஆர்.ஓ.) உரிமம் தருவார். அதற்கு மேல் போகப் போக சென்னை, நாக்பூர்.

அன்று எங்கள் அலுவலகத்தில் இருந்தது ஒரே ஜீப். அதுவும் பாதி நாள் பட்டறையில் கிடக்கும். விருதுநகர் மாவட்டம் அப்போது காமராஜர் மாவட்டம். கரிசல் பூமியில் மறைவு ஏது? நாங்கள் ஆலைக்குப் போவதற்கு அரை மணி முன்னாலேயே ஜீப் கிளப்பிய புழுதி போய்ச் சேர்ந்துவிடும். காவலாளி விசிலடிப்பார். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒவ்வொரு அறையிலும் சரியாக நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த 'நான்கு பேர்' கணக்கைச் சொல்லவேண்டும். எங்கள் வேலையின் உயிர்நாடியே அதுதான். பட்டாசு ஆலை ஒரே கட்டடமாக இருக்காது. சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, வெட்டவெளியில் சிதறிக் கிடக்கும். கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும். ஒவ்வோர் அறையின் சுவரிலும் அறை எண், எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து என்று எழுதியிருக்கும். பட்டாசு செய்கிற அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. விதி எழுதியவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது: எவ்வளவு கவனமாக இருந்தாலும் என்றைக்காவது ஓர் அறை வெடிக்கும். அந்த நாளில் பக்கத்து அறை பிழைக்கவேண்டும், உள்ளே இருக்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழாமல் வெளியேறவேண்டும். அதற்காகத்தான் அந்த எண், அந்த இடைவெளி, அந்தக் கதவு. அறைக்குள் ஐந்தாவது ஆள் உட்கார்ந்திருந்தால் எனக்கு அது ஒரு பிணமாகத்தான் தெரியும். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். விபத்து நடந்த இடங்களுக்குப் போய் நின்றவன் வேறு மாதிரி சொல்ல முடியாது.

நான் சேர்ந்த காலத்தில் மருந்தும் வேறு. பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்து அரைத்தார்கள். லேசான உராய்வு போதும், கையிலேயே வெடிக்கும். அந்தக் கலவைக்கு 1992-ல் மத்திய அரசு தடை போட்டது. அதன்பின் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் என்று ஆனது. மருந்து கலக்குகிறவர் தலைமுடி முதல் கால்நகம் வரை வெள்ளி பூசிய சிலைபோல் நிற்பார். உராய்வு ஆபத்து குறைந்தது. ஈரத்தின் ஆபத்து கூடியது. அலுமினியப் பவுடர் கலந்த மருந்து ஈரம் பட்டால் மெல்லச் சூடேறும். மத்தியானம் மீந்த மருந்தை அழித்துவிடவேண்டும் என்பது விதி. அழித்தால் காசு போயிற்றே என்று சாக்கைப் போட்டு மூடி வைப்பார்கள். மறுநாள் காலை, முதல் ஆள் உள்ளே கால் வைக்கும்போது...

ஓர் ஐப்பசி காலை. ராத்திரி முழுக்கத் தூறல். ஓர் அறையில் மூலையில் ஈரச்சாக்கு கிடந்தது. குனிந்து, தொடாமல், அதற்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைப் பிடித்தேன். அடுப்பு அணைந்த சாம்பலுக்கு மேலே கை வைத்தால் வருமே, அந்தக் கதகதப்பு. ஒன்றும் பேசாமல் நான்கு பேரையும் கையசைத்து வெளியே அனுப்பினேன். பக்கத்து அறைகளையும் காலி செய்யச் சொன்னேன். தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் எல்லோரும் போய் உட்கார்ந்தோம். கூலி போகிறதே என்று ஒரு பெண் முணுமுணுத்தார். முக்கால் மணி நேரத்தில் அந்த அறை தானாக எரிந்தது. ஓடு சிதறி எங்களுக்குப் பாதி தூரம்வரை வந்து விழுந்தது. முணுமுணுத்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அன்றைக்கு மட்டும் இந்த வேலைக்கு நான் தகுதியானவன்தான் என்று தோன்றியது.

இனி இன்றைய கதை. முதலில் நல்லது: ஆலைகளில் பிள்ளைகளை இன்று பார்ப்பது அரிது. விடியுமுன் கிராமம் கிராமமாகப் போய், தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்த ஆலை வண்டிகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் துறையும் வழக்குப் போட்டது. ஆனாலும் அதைச் சாதித்தவர்கள் என்று நான் நினைப்பது அந்த ஊர்த் தாய்மார்களைத்தான். "எங்க கையி கறுத்தது போதும், எம்புள்ள பேனா பிடிக்கட்டும்" என்று அவர்கள் முடிவெடுத்த பிறகு எந்த மேலாளராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிள்ளைகள் போன இடத்தில் இன்று ஒளித்து வைக்கப்படுவது வேறு. உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் நான்கு அறையை ஒருவருக்கும் ஆறு அறையை இன்னொருவருக்கும் விட்டிருப்பார். குத்தகைக்காரர் போட்ட பணத்தை அந்த சீசனுக்குள் எடுக்கவேண்டும். நான்கு பேர் அறையில் எட்டுப் பேர் உட்காருவார்கள். அறை கொள்ளாவிட்டால் மரத்தடியிலேயே மருந்து அடைப்பார்கள். கூலி உருப்படிக் கணக்கு, வேகமாகச் செய்தால்தான் காசு. வானத்தில் போய்ப் பூப்பூவாய் விரியும் ஃபேன்சி ரகத்துக்குக் கிராக்கி அதிகம். அதற்குப் போடும் மணி மருந்து உராய்வு தாங்காது. 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டபின், 'பச்சை உப்பு' என்று தொழிலாளர்கள் சொல்லும் பேரியம் நைட்ரேட்டும் ஒளித்து வைக்கும் பொருளாகிவிட்டது. இதெல்லாம் போக, வீடுகளில் பட்டாசுக்கு வைக்கும் கருந்திரி சுற்றுகிறார்கள். அங்கே அறை எண்ணும் இல்லை, நான்கு பேர் கணக்கும் இல்லை. சமையல் அடுப்பு மட்டும் இருக்கிறது.

ஆய்வாளர்களும் மாறியிருக்கிறார்கள். துறையின் பெயரே தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் என்று ஆகிவிட்டது. அறிக்கை கணினியில் ஏறுகிறது. படம் எடுத்து அங்கேயே சேர்க்கிறார்கள். பல துறைகளும் சேர்ந்து கூட்டாக ஆய்வுக்குப் போகிறார்கள். ஃபோர்மேன்களுக்குப் பயிற்சி நடக்கிறது. ஆனால் புழுதிக்குப் பதில் வாட்ஸ்அப் வந்துவிட்டது. முதல் ஆலையில் கால் வைக்கும்போதே பத்தாவது ஆலையின் மரத்தடி காலியாகிவிடும். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஆய்வாளரை 'வழிகாட்டுநர்' என்றும் சேர்த்து அழைக்கிறது. எந்த ஆலைக்கு யார் போவது என்பதைக் கணினிக் குலுக்கலுக்கு விடச் சொல்கிறது. ஊழலைக் குறைக்க அது உதவலாம். ஆனால் எந்த ஆலை மோசம் என்று மூக்கில் வாசனை பிடித்துப் போகிற ஆய்வாளரின் காலைக் கட்டிவிட்டால், வெடிமருந்துத் தொழிலில் அது நல்லதற்கில்லை. இதை நான் எங்கேயும் சொல்லத் தயார்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். புகையைப் பார்த்து உதவிக்கு ஓடிவந்த ஊர்க்காரர்கள் அவர்களில் பலர். அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே இடைநிறுத்தப்பட்டிருந்தது என்று அப்போது செய்தி வந்தது. அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. யாரோ ஓர் அதிகாரி போயிருக்கிறார், பார்த்திருக்கிறார், எழுதியும் இருக்கிறார். வேறென்ன செய்வது? ஆலை நின்றால் அன்றைக்கே அடுப்பு அணைவது தொழிலாளி வீட்டில். அதனால்தான் உரிமம் போன ஆலையிலும் அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். குறை கண்டு மூடும் நாட்களுக்கு முதலாளி கூலி கொடுத்தே ஆகவேண்டும் என்று கறாராக ஆக்காதவரை, நாங்கள் வந்தால் தொழிலாளிகளே எங்களிடமிருந்து ஒளிவார்கள். பணியில் இருந்த கடைசி பத்து வருடமும் கூட்டத்துக்குக் கூட்டம் இதைச் சொன்னேன். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் வேலை பழகிய ஒரு பெண் இன்று அதிகாரி. போன வருடம் ஓர் ஆலையில் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அலுவலக அறையில் மேலாளர் டீயும் பிஸ்கட்டும் எடுத்து வைத்திருந்தார். அந்தப் பெண் அதிகாரி அங்கே போகவே இல்லை. உடம்பின் நிலைமின்சாரம் இறங்க வாசலில் பதித்த செப்புத் தகட்டை மிதித்துவிட்டு நேரே கடைசி அறைக்கு நடந்தார். மருந்துக் கையோடு இருந்த பெண்களுக்கு எதிரே தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"நேத்து மீந்த மருந்த என்ன செஞ்சீங்கக்கா?"

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வயதில் மூத்தவர் மெதுவாகக் கேட்டார்: "உண்மையைச் சொன்னா நாளைக்கு வேலை இருக்குமா மேடம்?"

"இருக்கும். நானும் நாளைக்கு வருவேன்."

அதற்குப் பிறகு அந்த மூத்தவர் சொன்னார். எந்த அறையில், எந்த டப்பாவில், எத்தனை நாளாக என்று எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு ஒரு ஜீப்பும் ஒரு விசிலும் முப்பது வருடம் மறைத்ததை, அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் வாங்கிவிட்டார்.

கிளம்பும்முன் குழாய் அடுக்கும் அறைக்குப் போனோம். உள்ளே யாருமில்லை. கூரைவரை அட்டைக் குழாய்கள். மேலாளர் வெளியே நின்று கதவைத் திறந்து மூடிக் காட்டினார். "நல்லாத்தான் இருக்கு மேடம், போகலாமா?"

"நீங்க வெளிய இருந்து சாத்துங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

நான்தான் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஏன் என்று சொன்னதில்லை. மேலாளர் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு உள்ளிருந்து ஒரு கை தள்ளியது. கதவு கீழே தரையில் உரசி, பாதியில் நின்றது. இன்னொரு முறை, தோளைக் கொடுத்துத் தள்ளினார். திறந்தது.

"இதச் சரி பண்ற வரைக்கும் இந்த ரூம்ல யாரும் உக்காரக்கூடாது" என்றார் மேலாளரிடம். கைப்பேசியில் கதவின் அடிப்பாகத்தைப் படம் எடுத்தார். முழங்கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு அடுத்த அறைக்கு நடந்தார்.