வானியற் பட்டத்துக்கு வேண்டுவன

வானியலிலும் வானியற் பௌதிகத்திலும் இளமாணிப் பட்டம் பெற விழைபவர் எவற்றைக் கற்றல் வேண்டும்? இதற்கான பாடவிதானங்களை நோக்குமிடத்து, முதலாண்டுகளில் விண்மீன்களைவிடக் கணிதமும் பௌதிகமுமே மேலோங்கி நிற்பதைக் காண்கிறோம். நுண்கணிதம், வகையீட்டுச் சமன்பாடுகள், பொறிமுறை, மின்காந்தவியல், வெப்பவியக்கவியல், குவாண்டம் கொள்கை என்பனவும், இன்று கணினி நிரலாக்கமும் புள்ளிவிபரவியலும் இன்றியமையாதன. விண்மீன்களின் கட்டமைப்பு, அண்டவியல், அவதானிப்பு முறைகள் ஆகியன இவ்வத்திவாரத்தின் மீதே எழுகின்றன. வானைக் கண்டு வியந்து வரும் மாணவர் சிலர் இவ்வொழுங்கினால் மனஞ்சோர்வதுண்டு. ஆதலின் அதன் காரணத்தை விளக்குதல் தகும்.

விண்மீனை நாம் தொட்டறிய இயலாது; நமக்குக் கிட்டுவது பெரும்பாலும் அதன் ஒளியே. அவ்வொளியின் நிறமாலையிற் காணும் கருங்கோடுகள் அங்குள்ள மூலகங்களை இனங்காட்டுகின்றன. ஆயின், கோடு வலிதாயிருத்தல் கொண்டு அம்மூலகம் மிகுதியாயுள்ளதெனத் துணிதல் தவறாகும். வெப்பநிலையும் அணுக்களின் அயனாக்கமும் கோட்டின் வலிமையை மாற்றவல்லன. இத்தொடர்பை 1920இல் மேகநாத் சாகா ஒரு சமன்பாடாக வகுத்தார். அச்சமன்பாடு வெப்பவியக்கவியலின் வழிப் பிறந்ததாகும்.

அதனைக் கையாண்டு விண்மீன்களை ஆராய்ந்தவர் சிசீலியா பெயின். சூரியனின் சேர்க்கை பூமியினதை ஒத்ததென்பதே அக்காலத்து அறிஞர் கருத்து. விண்மீன்களில் ஐதரசனே பெரும்பான்மை என்னும் முடிவு பெயினின் 1925ஆம் ஆண்டுக் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் வெளிப்பட்டது. மூத்த வானியலாளரான ஹென்றி நொறிஸ் ரசல் அதனை ஏற்க மறுத்தமையால், அம்முடிவு உண்மையாயிருத்தல் அரிதெனத் தம் ஆய்வேட்டிலேயே அவர் எழுத நேர்ந்தது. 1929இல் ரசலே வேறொரு வழியில் அம்முடிவை வந்தடைந்தார்.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய பௌதிகத்தைப் பெயின் கற்றது கேம்பிறிட்ஜிலாகும். 1919இல் தாவரவியல் பயிலச் சென்று பௌதிகத்துக்கு மாறிய அவர், தம் படிப்பை நிறைவு செய்தும் பட்டம் பெற்றாரில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்க அப்பல்கலைக்கழகம் இசைந்தது 1948இலேயே. வானியலாராய்ச்சியை நாடி 1923இல் அவர் அமெரிக்கா சென்றார்.

மாணவருக்கு வேண்டிய தகுதிகளைப் பாடவிதானம் வரையறுக்கிறது. அத்தகுதிகள் அனைத்தும் உடையவரை ஏற்கும் மனம் பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய தகுதி என்பதையும் நாம் மறத்தலாகாது.